காட்டிக்கொடுக்கும் நெற்றி

சிகிச்சையில் முடி கொட்டிய ஸ்கூடாய் அக்கா ஒருவர், தங்கை கல்யாணத்துக்காக விக் வாங்கிவிட்டு, போடப் பயந்தார். "எல்லாரும் என் தலையைத்தான்மா பார்ப்பாங்க."

காட்டிக்கொடுப்பது நெற்றிதான். புருவத்துக்கு நான்கு விரல் மேலே, முன்பு முடி தொடங்கிய இடத்தில் வையுங்கள்; கீழே இறங்கினால் தொப்பி மாதிரி தெரியும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி இருந்தால், நம் ஜொகூர் வெயிலில் அரிப்பு குறையும். வகிட்டில் தோல்நிறப் பவுடர் லேசாக. காதோரம் நாலு இழையை இழுத்துவிடுங்கள். பார்லர் பளபளப்பு வேண்டவே வேண்டாம்.

அக்காவுடையது அசல் முடி. திருமலையில் பக்தர்கள் இறக்கும் காணிக்கை முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது விக்காகி உலகம் சுற்றுகிறது என்றேன். "பெருமாள் முடியா இருக்குமோ?" என்று தடவிப் பார்த்தார்.

மண்டபத்தில் மல்லிகைச் சரத்தை விக்கிலேயே ஹேர்பின்னால் குத்தினோம். மாப்பிள்ளை வீட்டு அத்தை கேட்டது, பூ எந்தக் கடையில் வாங்கியது என்றுதான்.