குறி சொல்லும் கம்ப்யூட்டர்!

கீழக்குயில்குடி போயிருக்கீங்களா? மதுரைக்காரங்க பாதிப் பேர் தாமரைக் குளத்துக்கிட்ட போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. நாங்க போன ஞாயித்துக்கிழமை சமணர் மலைப் படியேறி, பேச்சிப்பள்ளம் வரைக்கும் போனோம். பாறையில வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செதுக்கினவர், பின்னாடி வர்றவங்க படிப்பாங்கன்னு கணக்குப் போட்டிருப்பார். பாவம், எங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியல.

கூட வந்த நண்பன் ஃபைனல் இயர். கேம்பஸ் இன்டர்வியூ பயம். அங்கேயும் உட்கார்ந்து செல்போன்ல ஏ.ஐ.கிட்ட, 'என் படிப்புக்கு அஞ்சு வருஷம் கழிச்சு வேலை இருக்குமா?'ன்னு கேட்டுக்கிட்டிருந்தான். குறி கேட்கிற அதே முகம்! குடுகுடுப்பைக்காரராவது 'நல்ல காலம் பொறக்குது'ன்னு ஆரம்பிப்பார். இது சதவீதம் போட்டுப் பயமுறுத்துது.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். மெமோ அக்டன்னு ஒரு கலைஞர். இஸ்தான்புல்ல பிறந்தவர். 2017-ல 'லேர்னிங் டு சீ'ன்னு ஒண்ணு செஞ்சார். மேஜை மேல துணி, வயர், சாவி. மேலே ஒரு கேமரா. அதோட இணைச்ச கம்ப்யூட்டருக்குக் கடல் படங்களை மட்டுமே காட்டிப் பழக்கியிருப்பார். நீங்க துணியை நகர்த்தினா திரையில அலை புரளும்! பூப் படங்களை மட்டும் பார்த்த கம்ப்யூட்டருக்கு அதே துணி பூவாத் தெரியும். பார்க்க செம அழகு. யோசிச்சா திக்குனு இருக்கும். நம்ம சமணர் மலையைக் காட்டினாலும் அங்கே அலைதான் அடிக்கும் பாஸ். நாளைக்கு என்ன நடக்கும்னு கேட்டாலும் இதே கதைதான். ஏற்கெனவே பார்த்ததை வச்சுத்தான் அது சொல்லியாகணும்.

2018-ல டெல்லி நேச்சர் மோர்ட் கேலரியில ஏ.ஐ. கலைக்குன்னே 'கிரேடியன்ட் டிசென்ட்'னு ஒரு கண்காட்சி நடந்தது. ஏழு கலைஞர்கள்ல அக்டனும் ஒருத்தர், நம்ம நாட்டு ஹர்ஷித் அகர்வாலும் ஒருத்தர். இன்னொருத்தர் இங்கிலாந்தோட அன்னா ரிட்லர். அவங்க வேலை தனி ரகம். இன்டர்நெட்ல கிடைச்ச படங்களை அள்ளிப் போடாம, நெதர்லாந்துல தானே 10,000 டூலிப் பூக்களைப் படம் பிடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் கையாலேயே பெயர்ச்சீட்டு எழுதினாங்க. அதை வச்சு உருவான 'மொசைக் வைரஸ்'ல கம்ப்யூட்டர் டூலிப் பூக்களை வரையும். பிட்காயின் விலை ஏறி இறங்குறதுக்கு ஏத்தபடி பூவோட கோடுகள் மாறும். 1630-கள்ல அங்கே கோடு போட்ட டூலிப்புக்குத்தான் ஏக கிராக்கி. 1637-ல விலை ஒரேயடியா சரிஞ்சது. அந்தக் கோட்டுக்குக் காரணம் ஒரு வைரஸ்னு ரொம்ப காலம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது!

மதுரை மல்லிக்கு இப்படி ஒண்ணு பண்ணா எப்படி இருக்கும்? முகூர்த்தத்துக்கு எகிறி, மறுநாளே படுத்துடுற விலையை வச்சு மொட்டு விரிஞ்சு சுருங்கணும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல பெரிய திரையில போடலாம். ஃபைன் ஆர்ட்ஸ் பசங்க யாராவது கேட்டுக்கிட்டிருக்கீங்களா?

நண்பன் கடைசியா வட்டெழுத்தைப் படம் பிடிச்சு, 'படிச்சுச் சொல்லு'ன்னு ஏ.ஐ.கிட்டயே கேட்டான். துளிகூடத் தயங்காம பதில் வந்துச்சு. இன்னொரு தடவை கேட்டான், வேற பதில். மூணாவது தடவை, அதுவும் வேற. படியிறங்கும்போது, "டேய், வட்டெழுத்து எங்கேடா கத்துக்கலாம்?"னு ஆரம்பிச்சவன், தாமரைக் குளம் வந்ததும் மறுபடி செல்லை எடுத்துட்டான். இன்டர்வியூ அடுத்த வாரம்.