ஒரு பந்தில் திறன் தெரியுமா?

விளையாட்டுக்கூடப் பொறிகளையெல்லாம், பின்பால் உட்பட, சூது என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் நம் ஆசிரியருள் இன்றும் உள்ளனர். காசைப் போடுகிறான், பந்து தன் போக்கில் ஓடுகிறது, விளக்கு மின்னுகிறது, மணி ஒலிக்கிறது, இதில் ஆடுபவன் செய்வதுதான் என்ன என்பது அவர்தம் கேள்வி. சூதின் கேட்டை உரைக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தாரே என்றும் அவர்கள் சான்று காட்டுவர். வள்ளுவர் கடிந்தது கைப்பொருளை வைத்து இழக்கும் கவற்றாட்டத்தை. புரியாத ஆட்டங்களின் மேலெல்லாம் அவ்வதிகாரத்தை ஏவுதல் முறையாகாது. ஓர் ஆட்டத்தில் திறன் உண்டா இல்லையா என்பதை அளந்து பார்த்தன்றோ சொல்லவேண்டும்? பின்பால் போட்டிகளை நடத்துவோர் அதனை அளக்கும் வழியைக் கண்டிருக்கின்றனர். மாணவரை அளப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் அவ்வழியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதே என் வழக்கு.

ஆட்டத்தை அறியாதவர்க்காகச் சில சொற்கள். கண்ணாடி மூடிய ஒரு சாய்வான மேசை. அதன் சாய்வு ஏறத்தாழ ஆறரைப் பாகை. அதன்மேல் 27 மில்லிமீட்டர் குறுக்களவும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுப் பந்து ஓடுகிறது. கீழ்முனையில் ஃபிளிப்பர் எனப்படும் இரு சிறு மட்டைகள் உள்ளன. பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் அவை மேலெழுந்து பந்தை அடிக்கும். பந்து மட்டைகளுக்கிடையே விழுந்துவிடாமல் காத்து, மேலுள்ள இலக்குகளைக் குறிபார்த்து அடித்துப் புள்ளி சேர்க்கவேண்டும். ஓர் ஆட்டத்திற்குப் பெரும்பாலும் மூன்று பந்துகள்.

சூது என்ற குற்றச்சாட்டு தொடக்கத்தில் முற்றும் பொய்யாக இருந்ததில்லை. இதனை ஒப்புக்கொள்ள நான் தயங்கவில்லை. 1931இல் சிக்காகோவின் டேவிட் காட்லிப் வெளியிட்ட ‘பாஃபிள் பால்’ என்னும் பொறிக்கு மட்டைகளே இல்லை. விற்சுருள் தண்டை இழுத்து விட்டதோடு ஆடுபவன் பணி ஏறக்குறைய முடிந்தது. பின்னர் ஆணிகள்தாம் பந்தின் தலைவிதியை எழுதின. கடைக்காரர் பரிசு கொடுத்தனர்; காசையே கக்கும் பொறிகளும் வந்தன. 1942 சனவரியில் நியூயார்க் நகரத் தந்தை லாகார்டியா இவ்வாட்டத்திற்குத் தடை விதித்தார். காவலர்கள் பொறிகளைச் சம்மட்டியால் உடைத்தனர். பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையைப் பறிக்கும் பொறி என்பது அவர்தம் வாதம். அன்றிருந்த பொறியைக் கண்டவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை.

ஆயின் 1947இல் அதே காட்லிப் நிறுவனத்திலிருந்து ‘ஹம்டி டம்டி’ வந்தது. ஆறு மட்டைகள் அதில் இருந்தன. பந்து விழுவதை வாளா நின்று பார்த்திருந்தவன் கையில் கருவி வந்துவிட்டது. ஆட்டம் வேறாயிற்று; பெயர் மட்டும் மாறவில்லை. பெயர் மாறாததால் சட்டமும் மாறவில்லை! மட்டை வந்து 29 ஆண்டுகள்வரை நியூயார்க்கில் தடை நின்றது. பின்பால் பொறிகளைச் செய்து உலகிற்கு விற்ற சிக்காகோ நகரிலேயே அதனை ஆடுதல் 1970கள்வரை குற்றமாக இருந்தது. ஒரு முறை ‘மந்தம்’ என்று பெயர் பெற்ற மாணவன் எத்துணை முன்னேறினும் ஆறாம் ஆண்டுவரை அப்பெயரைச் சுமப்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று.

தடை நீங்கிய கதை இன்னும் விந்தையானது. 1974இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் பின்பால் திறன்சார்ந்த ஆட்டமே எனத் தீர்ப்பளித்தது. 1976இல் நியூயார்க் நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் சார்ப் என்னும் இதழாளர் ஆடிக்காட்ட அழைக்கப்பட்டார். இரு பொறிகள் கொண்டுவரப்பட்டிருந்தன. முதற்பொறியில் ஏதோ சூழ்ச்சி இருக்கலாம் என ஐயுற்ற உறுப்பினர், மாற்றாக வைத்திருந்த பொறியில் ஆடச் சொன்னார். சார்ப் ஆடினார், குறிசொல்லி அடித்தார். அவையினர் முகத்தில் மாற்றமில்லை. இறுதியில், தண்டை இழுத்து விடும் முதல் வீச்சிலேயே பந்தை நடு வழியில் செலுத்துவேன் என்றார். பந்து அவ்வாறே சென்றது. குழு தடையை நீக்க இசைந்தது.

அந்தக் கடைசி வீச்சு நற்பேற்றால் அமைந்தது என்று சார்ப் அவர்களே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். நற்பேற்றின் ஆட்டமன்று என்று அவையோரை நம்பவைத்தது ஒரு நற்பேறு! பந்து ஓர் அங்குலம் விலகியிருந்தால் சார்ப்பின் திறன் குறைந்திருக்குமா? குறைந்திராது. தடை நீடித்திருக்கும், சூது என்னும் பழியும் நிலைத்திருக்கும். தடைசெய்தவரும் தடைநீக்கியவரும் ஒரே பிழையைச் செய்தனர் என்பேன். ஒரு பந்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூறினர்.

மூன்று பந்துகளில் முடியும் ஆட்டத்தில் புதியவன் தேர்ந்தவனை வெல்வது உண்டு. நண்பர் இருவர் விளையாட்டுக்கூடத்தில் காசு போட்டு ஆடும்போது இதனை அன்றாடம் காணலாம். இதனைச் சுட்டி, ‘பார்த்தீர்களா, எல்லாம் குருட்டு யோகம்’ என்பவர் உளர். அவர்கள் அங்கேயே நின்றுவிட்டனர். போட்டி நடத்துவோரோ அதற்கடுத்த வினாவைக் கேட்டனர்: யோகத்தை முற்றும் ஒழிக்க இயலாதெனின், அது யாருக்கும் நிலையாகச் சாயாதபடி செய்வது எப்படி?

அவர்கள் கண்ட விடையைப் பாருங்கள். பிட்ஸ்பர்க் நகரில் 2019வரை ‘பின்பர்க்’ என்னும் பெரும்போட்டி நடந்துவந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ ஆயிரம் பேர் ஆடினர். நால்வர் ஒரு குழு. ஒரு சுற்றில் நான்கு பொறிகள். முதல்வனுக்கு 3, அடுத்தவனுக்கு 2, அதற்கடுத்தவனுக்கு 1, கடையனுக்குச் சுழியம். இத்தகைய சுற்றுகள் பத்து. ஆக, ஒருவன் தகுதிநிலையில் மட்டும் நாற்பது ஆட்டங்கள் ஆடவேண்டும். ஒரு சுற்றுக்குரிய பொறிகளும் ஒரே காலத்தவையாக இரா. பழைய மின்பொறியும் இருக்கும், புதிய கணினிப் பொறியும் இருக்கும். பாதி வழியில் ஆடுவோரைத் தரம்வாரியாகப் பிரித்து, கீழ்த்தரத்தாருக்கும் அவர்க்கெனப் பட்டம் வைத்தனர். வேறு போட்டிகளில் மூன்று தோல்வி கண்ட பின்னரே ஒருவனை வெளியேற்றும் முறையும் உண்டு.

ஆட்டத்தில் எடுத்த புள்ளியைக் கூட்டாமல் இடத்தையே கணக்கிட்டதன் காரணம் நுட்பமானது. 1960களின் பொறியில் சில ஆயிரம் புள்ளி எடுத்தால் அது நல்ல ஆட்டம். 1990களின் சில பொறிகளில் நூறு கோடியும் எட்டப்படும். இரண்டையும் கூட்டினால் பழைய பொறியில் காட்டிய திறன் காற்றில் போகும். எனவே, கஞ்சப் பொறியோ வள்ளல் பொறியோ, அதன்முன் நின்ற நால்வருள் நீ எத்தனையாவது என்பதே கேள்வி.

யோகத்தின் வாயில்களை அவர்கள் ஒவ்வொன்றாக அடைத்தனர். கூடுதல் பந்து தரும் வசதியைப் போட்டியில் நிறுத்திவைப்பர். குலுக்கல்போல் பரிசளிக்கும் பகுதிகளை அனைவர்க்கும் ஒரே வரிசையில் தருமாறு இக்காலப் பொறிகளில் போட்டிக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. பொறி பழுதாகிப் பந்து பறிபோனால், ஆடுபவன் குற்றமில்லை என நடுவர் கண்டு ஈடுசெய்வர்.

பொறியை உடலால் தட்டி அசைப்பதைப் பற்றி இங்குச் சொல்லியாகவேண்டும். ஏனெனில் அதுவே பலர் கண்ணுக்கு ஏமாற்று வேலையாகத் தோன்றுகிறது. பொறியினுள் ஒரு கம்பியில் எடைக்கட்டி தொங்கும்; அதனைச் சுற்றி ஓர் உலோக வளையம். தட்டும் வேகத்தில் எடைக்கட்டி வளையத்தைத் தொட்டால் மின்சுற்று இணையும். மட்டைகள் செயலற்றுப் பந்து இழக்கப்படும். ‘டில்ட்’ என்பது இதுதான். ஹாரி வில்லியம்ஸ் என்னும் வடிவமைப்பாளர் 1930களிலேயே இத்தகைய காவலைக் கொண்டுவந்தார். தட்டவே கூடாது என்றிருந்தால் வளையத்திற்கும் கட்டிக்கும் இடைவெளியே வேண்டுவதில்லையே! அந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஒவ்வொரு பொறியிலும் கையால் உணர்ந்து, அதற்குள் தட்டுவதே கலை. எச்சரிக்கை வந்தபின் எடைக்கட்டியின் ஊசல் அடங்கும்வரை தேர்ந்தவன் கையை அடக்குவான். புதியவன் பதற்றத்தில் மீண்டும் தட்டி இழப்பான். வீழ்ந்துவிட்ட பந்தைப் பொறியை மோதி மீட்கும் சில உத்திகளைப் பெரும்போட்டிகள் தடைசெய்துள்ளன. எல்லை எது என்று எழுதிவைத்து, அதற்குட்பட்ட உரிமையைப் பறிக்காத விதி அது.

இத்தனைக்குப் பின்னும் எஞ்சியது யோகம்தான் எனின், மேலிடங்களில் ஆண்டுதோறும் புதுப்புது முகங்கள் அல்லவா வரவேண்டும்? அனைத்துலக ஃபிளிப்பர் பின்பால் கழகத்தின் தரவரிசையில் அறிந்த பெயர்களே திரும்பத் திரும்ப நிற்கின்றன. கீத் எல்வின் என்பார் உலகப் பட்டத்தைப் பன்முறை வென்றார். பின்னர் ஸ்டெர்ன் நிறுவனத்தில் பொறி வடிவமைப்பாளராகி 2021இல் ‘காட்சில்லா’வை உருவாக்கினார். நற்பேறு ஒருவர் வீட்டிலேயே குடியிருக்குமா?

பின்பால் உலகில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சில போட்டிகளின் தகுதிச் சுற்றில், கட்டணம் கட்டக்கட்ட மறுபடி மறுபடி ஆடலாம்; சிறந்த ஆட்டங்களே கணக்கில் கொள்ளப்படும். பணமுள்ளவனுக்குப் பத்து வாய்ப்பு, இல்லாதவனுக்கு இரண்டு. இதனை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். சூது என்று சொல்ல விரும்புவோர் இங்கு வந்து சொல்லட்டும். நானும் உடன் நிற்பேன்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். நம் தமிழ்ப்பள்ளிகளின் பேச்சுப் போட்டி எவ்வாறு நடக்கிறது? ஒரு தலைப்பு, ஒரு மேடை, ஐந்து நிமிடம், மூன்று நடுவர். அன்று தொண்டை கட்டிய பிள்ளைக்கு அடுத்த ஆண்டுதான் வழி. முதலில் பேசியவனுக்கு நடுவர் கை இறுகியிருக்கும், பத்தாமவனுக்கு இளகியிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அளவையின் நம்பகத்தன்மை என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர்கள்தாம் நாம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஒரே சோதனையால் நிறுத்த யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டபோது, ஒரு நாள் தேர்வு பிள்ளையை அளக்காது என்று கைதட்டியவர்களும் நாமே. அதே கைகள் அதே ஒரு நாள் போட்டிக்கு இன்றும் நற்சான்றிதழ் எழுதுகின்றன.

நேரமில்லை என்பர். கணக்கைப் பார்ப்போம். பதினாறு மாணவர், நால்வர் கொண்ட நான்கு குழுக்கள், நான்கு வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் ஒரு சுற்று, ஆளுக்கு மூன்று நிமிடம். தயாரிப்பும் தீர்ப்பும் சேர்த்து அரை மணியில் ஒரு சுற்று முடியும். குழுவையும் தலைப்பையும் நடுவரையும் மாற்றி நான்கு சுற்றுகள் வைத்தால் இரண்டு மணி நேரம். 3, 2, 1, சுழியம் என இடத்தை மட்டும் எண்ணினால், கஞ்ச நடுவரும் வள்ளல் நடுவரும் ஒரே விளைவையே தருவர். மண்டபமும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். இறுதியாட்டத்திற்குப் பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம்.

எப்போதும் முதற்பரிசு பெறும் மாணவி ஒரு சுற்றில் கடைசியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். வரட்டும், இன்னும் மூன்று சுற்றுகள் அவளுக்கு இருக்கின்றன என்றேன்.