சுற்றுலா பஸ்ஸை மானிட்டருக்குள் நிறுத்தலாமா?

வீட்டிற்குப் புதிய கம்ப்யூட்டர் வந்து, இன்டர்நெட் இணைப்பும் கிடைத்துவிட்டால், பிள்ளைகளுக்கு உருப்படியாக எதைக் காட்டலாம் என்று பெற்றோர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுப்பவன். எனவே மியூசியங்களைச் சுற்றிக் காட்டும் தளங்களைத்தான் முதலில் சொல்வேன். கூகுள் நிறுவனம் 2011 பிப்ரவரியில் 17 மியூசியங்களுடன் தொடங்கிய ஆர்ட் ப்ராஜெக்ட், இன்று கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. வான் கோ வரைந்த 'ஸ்டாரி நைட்' படத்தை அதில் திறந்து மவுஸ் உருளையை உருட்டினால், தூரிகை இழுத்த தடம் ஒவ்வொன்றும் தெரியும். நியூயார்க் மியூசியத்திற்கே போனாலும் அவ்வளவு நெருங்கிப் பார்க்க விடமாட்டார்கள்.

ஆனால் அண்மையில் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "எல்லாம்தான் ஸ்கிரீனில் காட்டியாயிற்றே, இந்த வருஷம் கல்விச் சுற்றுலா எதற்கு?" என்கிறார்கள் சில பள்ளிகளில். பஸ் வாடகை மிச்சம். பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றும் தலைவலியும் இல்லை. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மானிட்டர் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடும். பாரிஸ் லூவர் மியூசியத்தில் மோனாலிசா இருக்கும் அதே கூடத்தில், எதிர்ச் சுவரில், வெரோனீஸ் வரைந்த கானாவூர்க் கல்யாணம் இருக்கிறது. மோனாலிசாவின் உயரம் 77 செ.மீ. கல்யாண ஓவியத்தின் அகலமோ ஏறத்தாழ 10 மீட்டர்! கம்ப்யூட்டரில் இரண்டும் ஒரே விண்டோவில் அடங்கிவிடும். மாமல்லபுரம் அர்ஜுனன் தபசுப் பாறைக்கும் இதே கதிதான். அதில் உள்ள கல் யானையை அண்ணாந்து பார்க்கும் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக் கிடைப்பதை எத்தனை அங்குல மானிட்டரும் தராது.

அப்படியானால் இந்த வர்ச்சுவல் டூர் எதற்கு? கால் போக முடியாத இடத்திற்கு. தஞ்சைப் பெரிய கோவிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த இவற்றை 1931ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகும் காட்சி அங்கேதான் இருக்கிறது. பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனாலும் பார்க்க முடியாத இதை வீட்டு மானிட்டரில் காட்டுங்கள். தேடல் கட்டத்தில் தமிழிலேயே டைப் செய்து, இமேஜஸ் பிரிவில் கிளிக் செய்தால் படங்கள் கிடைக்கும்.

சித்தன்னவாசல் விஷயம் வேறு. அங்கே போகலாம், ஆனால் தாமரைக் குளம் தலைக்கு மேல், மேற்கூரையில் இருக்கிறது. பல இடங்களில் உதிர்ந்தும் போயிருக்கிறது. சின்ன மண்டபம். நாற்பது பிள்ளைகள் வரிசையாக நுழைந்தால், எதைத் தேடுவது என்று தெரியாமலே வெளியே வந்துவிடுவார்கள். முதல் நாளே படத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் உருளையை உருட்டிப் பெரிதாக்கி, மீன் எங்கே, எருமை எங்கே, பூப்பறிப்பவர் எங்கே என்று தேட விடுங்கள். மறுநாள் குகையில் எனக்கே சுட்டிக் காட்டிய பிள்ளைகள் உண்டு.

இனி, எந்த மியூசியத் தளத்திலும் தேடிக் கிடைக்காத ஒன்று: உங்கள் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனார் குதிரைகள். நேர்ந்துகொண்டவர்களுக்காக வேளார் மண்ணில் செய்து சுட்டுத் தருபவை இவை. புரவி எடுப்புக்குப் புதிது வரும். பழையது வெயிலிலும் மழையிலும் கிடந்து உடைந்து, கடைசியில் மண்ணோடு மண்ணாகும். பாதுகாத்து வைக்கும் வழக்கமே இல்லை. சில ஊர்களில் சிமென்ட் குதிரை வந்துவிட்டது. (பெயின்ட் பளபளப்பாகத்தான் இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் பிடிக்கவில்லை.) இங்கே பிள்ளைகள் டூர் பார்க்கக் கூடாது, டூர் தயாரிக்க வேண்டும்.

பூசாரியிடம் அனுமதி கேட்டு, செல்போனிலேயே படம் எடுக்கலாம். முன்பக்கம், பக்கவாட்டு, கழுத்து மணி, சேணம் எனத் தனித்தனியாக எடுக்கட்டும். அளவு தெரிய ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கி, படங்களை அதில் காப்பி செய்திடவும். கேமரா தரும் எண்களை அப்படியே விடாமல், ஒவ்வொரு பைலுக்கும் ஊர், வருடம், செய்த வேளாரின் பெயர் (அவர் சம்மதித்தால்) மூன்றையும் சேர்த்துப் பெயர் கொடுங்கள். பிறகு பவர்பாயிண்டில் ஸ்லைடுகளாக அடுக்கினால், அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப ஒரு டூர் தயார். பென் டிரைவிலும் ஒரு காப்பி இருக்கட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டுங்கள். காட்டி முடித்ததும், சித்தன்னவாசலுக்கு பஸ் எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.