நாணல் தவளைகளுக்குப் பெயரிடும் முன்

ஆப்பிரிக்க நாணல் தவளைகளை இதுவரை பெரும்பாலும் முதுகைப் பார்த்தே பிரித்து வந்திருக்கிறோம். பட்டை, புள்ளி, வரி, கலப்பில்லாத பச்சை, சிவந்த தொடை என்று கண்ணில் பட்ட வேறுபாடுகளுக்கெல்லாம் பெயர் சூட்டப்பட்டது. ஹைப்பரோலியஸ் பேரினத்தை 1842இல் ராப் நிறுவினார். இன்றைய டர்பன் வட்டாரத்திலிருந்து வந்த மார்மொரேட்டஸ் இனத்தை விவரித்தவரும் அவரே. 1931இல் எர்ன்ஸ்ட் ஆல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இப்பேரினத்துக்குப் புதிய பெயர்கள் ஏராளமாகச் சேர்ந்தன. அவர் கையில் இருந்தவை சாராயக் குடுவைகளில் நிறம் வெளிறிப்போன மாதிரிகள். அப்பெயர்களில் பல பின்னர் வேறு இனங்களின் இணைப்பெயர்களாக ஒதுங்கிவிட்டன. சில எந்த உயிருள்ள கூட்டத்தைக் குறிக்கின்றன என்று சொல்வதே கடினமாக இருக்கிறது. இந்தப் பெயர்க் குவியலுக்குள் மரபணுத் தரவு நுழைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நிறத்தை நம்பியவர்கள் செய்த பிழையையே வேறு கருவியைக் கொண்டு மறுபடியும் செய்யும் ஆபத்தில் நாம் இருக்கிறோம் என்பது இவ்விதழின் கவலை. நிறக்கோலம் தனியாக ஓர் இனத்தை நிறுவாது. மரபணுத் தொலைவும் தனியாக நிறுவாது. இரு வடிவங்கள் அக்கம்பக்கமாக வாழும் நிலத்தில் அவை கலக்கின்றனவா, கலந்தும் தனித்து நிற்கின்றனவா என்பதைப் பார்த்த பிறகே பெயர் சூட்ட வேண்டும்.

நிறத்தின் நம்பகத்தன்மையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆர்னே ஷியோட்ஸ் விளக்கிக் காட்டிய ஜே, எஃப் என்ற இரு நிறநிலைகளை இத்துறையில் அறியாதவர் இல்லை. உருமாற்றம் முடிந்து கரையேறும் குஞ்சுகள் எல்லாம் ஜே நிலையில், பெரும்பாலும் பழுப்பாகவோ பச்சையாகவோ, அடங்கிய நிறத்தில் இருக்கும். பெண்கள் முதிரும்போது பளிச்சென்ற எஃப் நிலைக்கு மாறுகின்றன. ஆண்களில் சில மாறுகின்றன, சில கடைசிவரை குஞ்சின் கோலத்திலேயே இருந்துவிடுகின்றன. ஆகவே ஒரே குளத்தில், ஒரே இனத்தில், குரல் கொடுத்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்கள் வெவ்வேறு இனங்களைப் போலத் தோன்றலாம். ஹைப்பரோலியஸ் ஆர்கஸ் இனத்தில் இந்த மாற்றத்தைப் பெண் ஹார்மோனைக் கொடுத்தே தூண்ட முடியும் என்று ஹேய்ஸும் மெனெண்டெஸும் 1999இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதாவது நாம் இனத்தின் அடையாளம் என்று எழுதி வைத்ததில் ஒரு பகுதி பருவத்தின் அடையாளம், பாலின் அடையாளம். இதற்கு மேல் காலநிலை வேறு. மேற்கு ஆப்பிரிக்கச் சவன்னாவின் நிட்டிடுலஸ், வறண்ட மாதங்களில் காய்ந்த தண்டுகளின் மேல் வெயிலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்போது தோலின் ஒளிதெறிக்கும் செல்களில் பியூரின் படிகங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உடலே வெண்மையாகிவிடும். மழைக்காலத்தில் பிடித்த தவளையையும் கோடையில் பிடித்த தவளையையும் அருகருகே வைத்தால் என்ன நேரும் என்று சொல்லத் தேவையில்லை. பகலில் வெளிறியும் இரவில் அடர்ந்தும் தோன்றுவது இவற்றின் அன்றாட வழக்கம். இத்தனையும் குறிக்கப்படாத மாதிரியில் உள்ள நிறம், தேதியில்லாத கடிதத்தைப் போன்றது. செய்தி இருக்கிறது, எப்போதைய செய்தி என்று தெரியாது.

இந்தச் சிக்கல் உச்சத்தில் இருப்பது விரிடிஃப்ளேவஸ் கூட்டத்தில். சகாராவுக்குத் தெற்கே சவன்னா நெடுகிலும் பரவியுள்ள இத்தவளைகளின் முதுகு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுகிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வடக்கே பட்டை போட்ட டீனியேட்டஸ், நடுவே மார்மொரேட்டஸ், தெற்கே கரிய உடலில் சிறு புள்ளிகளுடன் வெருகோசஸ் என்று மூன்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஷியோட்ஸ் 1971இல் இக்கூட்டம் முழுவதையும் ஒரு மீயினமாகக் கண்டார். உருவத்திலும் குரலிலும் நெருங்கி, நிறத்தில் மட்டும் விலகி, எல்லைகளில் ஒன்றோடொன்று இழையும் கூட்டங்களைத் தனித்தனி இனங்கள் என்று சொல்ல அவர் தயங்கியது நியாயமான தயக்கம். 2000, 2001 ஆண்டுகளில் வீச்சோரெக், ட்ரூஸ், சானிங் மூவரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் கொண்டு இதே கூட்டத்தை ஆராய்ந்து பத்து இனங்களாகப் பிரித்தார்கள். இது பெரிய முன்னேற்றம். நிறம் சொன்ன கதை எங்கே பரம்பரையோடு பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று முதன்முறையாக ஒப்பிட முடிந்தது. ஆனால் அந்தப் பத்து இனங்களின் எல்லைகள் நிலத்தில் எங்கே விழுகின்றன என்ற கேள்விக்கு அத்தரவு பதில் சொல்லும் வகையில் அமைந்திருக்கவில்லை. தொலைவில் உள்ள புள்ளிகளிலிருந்து மாதிரி எடுத்து மரம் வரைந்தால் கிளைகள் தெளிவாகத்தான் பிரியும். இடைப்பட்ட நூற்றுக்கணக்கான கிலோமீட்டரில் இருப்பவை எந்தக் கிளையைச் சேரும் என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

நிறம் ஏமாற்றுவது ஒரு பக்கமாக மட்டும் அல்ல. வேறுபாடு இல்லாத இடத்தில் வேறுபாட்டைக் காட்டுவது போலவே, இருக்கும் வேறுபாட்டை மறைக்கவும் செய்கிறது. நசூட்டஸ் தொகுதியைச் சேர்ந்த நீள்மூக்குத் தவளைகள் எல்லாம் மெலிந்த பச்சைத் தவளைகள்; கையில் வைத்துக்கொண்டு எது எதுவென்று சொல்வது அனுபவசாலிகளுக்கும் கடினம். சானிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் மரபணுவையும் குரலையும் சேர்த்துப் பார்த்து அத்தொகுதியிலிருந்து ஆறு புதிய இனங்களை விவரித்தார்கள். கினி வளைகுடாவில் பிரின்சிப்பி தீவின் தவளையை நெடுங்காலம் சாவோ தோமே தீவின் மொல்லேரியாகவே எண்ணி வந்தோம். இரண்டும் பச்சை, இரண்டும் ஒரே சாயல். இடையே 150 கிலோமீட்டர் அளவுக்குக் கடல். ரேய்னா பெல் 2016இல் அதை ட்ரூவெசி என்று தனி இனமாக விவரித்தபோது, அதற்குப் பின்னால் தீவுகளுக்கு இத்தவளைகள் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த வரலாற்றைத் தேடிய மரபணு ஆய்வு இருந்தது.

அப்படியானால் மரபணுவே போதுமே, நிறத்தை விட்டுவிடலாமே என்று இளைய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் வலு உண்டு. வரிசைப்படுத்தும் செலவு குறைந்துவிட்ட இன்று ஒவ்வொரு தவளையின் விரல்நுனித் திசுவும் ஒரு தரவு. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டும் வருவது. ஆண்கள் அடுத்த சதுப்புக்குப் போய்க் கலந்தாலும் அது தெரியாது; பழைய கலப்பு ஒன்றில் அயல் கூட்டத்தின் மைட்டோகாண்ட்ரியா உள்ளே வந்து நிலைத்துவிட்டால் மரமே தவறான இடத்தில் கிளை பிரியும். இத்தனை விழுக்காடு வேறுபாடு இருந்தால் இனம் என்ற வரம்பு, பட்டை இருந்தால் இனம் என்ற பழைய வரம்பைவிட எந்த வகையிலும் உயர்ந்ததல்ல. உட்கரு மரபணுக்களை ஆயிரக்கணக்கில் எடுத்தால் இக்குறை நீங்கும் என்பார்கள். ஓரளவு நீங்கும். ஆனால் பல மரபணுக்களைக் கொண்டு இனம் பிரிக்கும் கணிப்பு முறைகள் கூட்டங்களுக்கு இடையிலான கட்டமைப்பைத்தான் அடையாளம் காண்கின்றன, இன எல்லையை அல்ல என்று சுகுமாரனும் நோல்ஸும் 2017இல் எழுதியதை நாணல் தவளைகளில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாது. சதுப்புக்குச் சதுப்பு பிரிந்து வாழும் சிறு உயிரினத்தில் கட்டமைப்பு எங்கும் இருக்கும். தரவு பெருகப் பெருகக் கோடுகளும் பெருகும்.

சாவோ தோமேயில் கிடைத்த பாடம் இங்கேதான் உதவுகிறது. அத்தீவில் இரண்டு இனங்கள் உள்ளன. தோமென்சிஸ் இப்பேரினத்திலேயே மிகப் பெரியது, உயர்ந்த காடுகளில் மரப்பொந்து நீரில் இனப்பெருக்கம் செய்வது, வயிற்றுப்புறம் ஆரஞ்சு நிறம் கொண்டது. மொல்லேரி சிறிய பச்சைத் தவளை, தாழ்நிலத்திலும் மனிதன் மாற்றிய நிலத்திலும் பரவலாக வாழ்வது. உடல் அளவு, நிறம், வாழிடம் மூன்றிலும் இவ்வளவு விலகிய இரண்டும் சந்திக்கும் இடங்களில் கலக்கின்றன. பெல் குழுவினர் கலப்பினங்களைக் கண்டு, அவற்றின் உடல் அளவையும் நிறத்தையும் மரபணுக்களோடு சேர்த்தே அளந்தார்கள். கலந்தும் இரு இனங்களும் கரைந்துவிடவில்லை. நிறம் மட்டும் கையில் இருந்திருந்தால் இடைப்பட்ட தவளைகளுக்கு மூன்றாவதாக ஒரு பெயர் கிடைத்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் இருந்திருந்தால் ஒவ்வொரு கலப்பினத் தவளையும் தாயின் இனத்தில் போய்ச் சேர்ந்திருக்கும், கலப்பு நடந்ததே தெரிந்திருக்காது. இரண்டும் சேர்ந்து, அதுவும் சந்திக்கும் இடத்தில் சோதிக்கப்பட்டதால்தான் அந்த வகைப்பாடு நிற்கிறது. விரிடிஃப்ளேவஸ் கூட்டத்தின் ஒவ்வொரு எல்லையிலும் இதே வேலை காத்திருக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் கடினமானது மலைகளிலிருந்து வருவது. கிழக்கு ஆப்பிரிக்காவின் முள்தொண்டைத் தவளைகள் பெரும்பாலும் ஒவ்வொரு மலைக் காட்டிலும் தனித்தனியே அடைந்து கிடக்கின்றன; சந்திக்கும் இடம் என்று ஒன்றே இல்லை. குரலைக் கேட்டுப் பிரிக்கலாம் என்றால் இவற்றின் ஆண்கள் குரல் எழுப்புவதில்லை. 2023இல் தான்சானியாவின் உகாகுரு மலையிலிருந்து விவரிக்கப்பட்ட உகாகுருயென்சிஸும் அப்படி ஊமைத் தவளைதான். 2017இல் பெயர் பெற்ற ருவுயென்சிஸ், ருவு தெற்குக் காப்புக்காடு என்ற ஒரே இடத்திலிருந்து அறியப்பட்டு, மிக மோசமான அழிவு நிலையில் விவரிக்கப்பட்டது. சந்திப்பு மண்டலம் கிடைக்கும்வரை பெயர் தராமல் இரு என்று இவற்றை ஆய்பவரிடம் சொன்னால் அது அநீதி. இங்கே நாம் கேட்கக்கூடியது வேறு: ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே பிளவைக் காட்ட வேண்டும். உட்கரு மரபணுவும், மைட்டோகாண்ட்ரியாவும், தொண்டை முட்களின் அமைப்பு போன்ற இனப்பெருக்கத்தோடு தொடர்புள்ள உடற்கூறும் ஒரே கோட்டில் பிரிந்தால் அக்கோட்டுக்குப் பெயர் தரலாம். முள்தொண்டைத் தவளைகளில் அண்மையில் நடந்துள்ள பணி இந்த வழியில்தான் போயிருக்கிறது. இந்த விலக்கைச் சமவெளிக்கு நீட்டிக் கேட்பதுதான் ஏற்கத் தகாதது. தொடர்ச்சியாகப் பரவிய சவன்னாத் தவளைக்குச் சந்திப்பு இல்லை என்று சொல்ல முடியாது. போய்ப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

களப்பணியாளர்களின் மறுப்பு இன்னொன்று. இரவில் டார்ச் வெளிச்சத்தில் நாணலில் நிற்பவருக்கு நிறம்தான் கையில் உள்ள ஒரே கருவி. அதையும் பறித்தால் கணக்கெடுப்பு எப்படி நடக்கும்? நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்பது வேறு, நிறத்தைக் கொண்டு இனத்தை நிறுவுவது வேறு. முன்னதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் முன்னதிலும் கவனம் வேண்டும் என்பதற்கு க்வாசூலு நட்டால் கடற்கரையின் பிக்கர்ஸ்கில்லி போதும். வளர்ந்த பெண் பச்சை, ஆண் பழுப்பில் வெளிர்க் கோடு. அழியும் ஆபத்தில் உள்ள இத்தவளையைப் பச்சையை மட்டும் தேடிக் கணக்கெடுத்தால் கூட்டத்தின் பாதி தப்பிவிடும். மார்மொரேட்டஸ் தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் பகுதிக்குள் பரவிய கதையும் நினைவில் இருக்கட்டும். டாலி, டேவிஸ், சௌன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அப்பரவலில் இயல்பான நகர்வும் மனிதர்கள் வழியாக வந்து சேர்ந்ததும் கலந்திருப்பதை மரபணுவைக் கொண்டு காட்டியது. வெவ்வேறு வட்டாரத்துத் தவளைகள் மனிதர்களால் ஒரே குளத்துக்கு வந்து சேரும் காலத்தில், முதுகைப் பார்த்துப் பிறப்பிடம் சொல்லும் வழக்கம் அங்கே பலிக்காது.

நிறத்தை ஒதுக்கிவிட்டு மரபணுவோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், இப்பேரினத்தின் பெருக்கத்துக்கும் நிறத்துக்கும் உள்ள உறவு. போர்ட்டிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் நாணல் தவளைக் குடும்பத்தின் விரிந்த மரத்தை உருவாக்கி, ஆண் பெண் நிற வேறுபாடு அதில் ஒரே ஒருமுறை தோன்றிப் பின் பல கிளைகளில் மறைந்திருப்பதையும், அவ்வேறுபாடு உள்ள கிளைகள் இல்லாதவற்றைப்போல் இருமடங்கு வேகத்தில் பெருகியிருப்பதையும் கண்டார்கள். பெரும்பாலான முதுகெலும்பிகளுக்கு மாறாக இங்கே பெண்ணே நிறம் மாறி அழகு கூடுகிறது. இது ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்க வேண்டுமானால் எந்தத் தவளை எந்த வயதில், எந்தப் பாலில், எந்தப் பருவத்தில் என்ன கோலத்தில் இருந்தது என்ற பதிவு தேவை. மரபணு வங்கியில் வரிசை மட்டும் இருந்து படம் இல்லாத மாதிரிகள் அந்தக் கேள்விக்குப் பயன்படமாட்டா. கடந்த கால் நூற்றாண்டில் சேர்ந்த திசுக்களில் எத்தனையோ இப்படி வாயடைத்துப்போய்க் கிடக்கின்றன என்பது வருத்தம் தருகிறது. அவற்றைச் சேகரிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே இவ்விதழுக்கு நாணல் தவளைகளில் புதிய இனம் விவரித்து அனுப்புவோரிடம் சிலவற்றை இனி வற்புறுத்திக் கேட்கப் போகிறோம். உயிரோடு இருக்கையில் பகலிலும் இரவிலும் எடுத்த படம், பால், இனப்பெருக்க முதிர்ச்சி, பிடித்த மாதம் ஆகியவை ஒவ்வொரு மாதிரிக்கும் வேண்டும். குரல் எழுப்பும் இனமானால் பதிவும் அப்போதைய காற்று வெப்பநிலையும் வேண்டும், ஏனெனில் துடிப்பின் வேகம் வெப்பத்தோடு மாறும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் ஆதாரமாக உள்ள கட்டுரையில் பெயர் தரப்பட மாட்டாது. அதில் உள்ள கிளையைக் கிளையாகவே விவரித்து வெளியிடலாம், அதுவும் மதிப்புள்ள பணியே. பழைய பெயர் எதுவும் பொருந்தக்கூடும் என்றால் அப்பெயரின் வகைமாதிரி கிடைத்த இடத்திலிருந்து புதிய திசு எடுத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். ஆல் விட்டுச்சென்ற குழப்பத்துக்கு மேல் இன்னொரு அடுக்கு வேண்டாம். பரவல் தொடர்ச்சியாக உள்ள இடத்தில் இரு வடிவங்களுக்கும் இடைப்பட்ட நிலத்திலிருந்து மாதிரி இல்லாத கைப்பிரதியை மதிப்பீட்டுக்கே அனுப்ப மாட்டோம். இது வேலையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. தவறான பெயர் ஒன்றை நீக்க ஆகும் காலம் அதைவிட நீண்டது என்பதை இந்தப் பேரினத்தின் இணைப்பெயர்ப் பட்டியலைப் புரட்டிய எவரும் அறிவர். அடுத்த மழைக்காலத்தில் களத்துக்குக் கிளம்புவோர், இரு வடிவங்களும் அழகாகப் பிரிந்து தெரியும் குளங்களில் நின்றுவிடாமல், எது எதுவென்று குழப்பும் தவளைகள் உள்ள இடைப்பட்ட குளங்களுக்கும் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.