உங்களுக்குப் புரியாது, சார்!

நம் ஊரில் படித்தவனை ஒரு நொடியில் ஊமையாக்கிவிட ஒரு வாக்கியம் இருக்கிறது: "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, சார்!" வைத்தியரிடமும் வக்கீலிடமும் இதை விழுங்கிப் பழகிவிட்ட நாம், கார்ப் பட்டறையிலும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறோம். நான் இந்த வாக்கியத்தை ஆட்சேபிக்கிறேன். எனக்குப் புரியும். உங்களுக்கும் புரியும்.

கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கிரீஸ் அழுக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என்னிடம் ஒரு பழைய அம்பாஸிடர் இருக்கிறது. அதற்குப் பெட்ரோல் போடுகிறவன் நான். வேறு காரணம் வேண்டுமா?

போன சித்திரையில், உச்சி வெயிலில், திருச்சி சாலையில் அது இருமி இருமி நின்றுவிட்டது. பக்கத்துப் பட்டறை மேஸ்திரி பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "பம்பு போச்சு, சார். புதுசு போடணும்" என்றார். "எப்படிச் சொல்றீங்க, மேஸ்திரி?" என்று கேட்டேன். அந்த வாக்கியம் வந்தது. நான் பதில் பேசவில்லை. துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு, புளியமரத்து நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பியது. இதில் மந்திரம் ஏதுமில்லை. எஞ்சினை ஒட்டியிருக்கும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. ஆவியை அந்தப் பம்பினால் தள்ள முடியாது. ஆறினால் சரியாகிவிடும். 'வேபர் லாக்' என்று இதற்குப் பெயர். கொதிக்கும் பாலைப் பார்த்த எவருக்கும் புரியக்கூடிய சமாசாரம்தான்.

"பழைய வண்டிக்குப் புத்தகம் எங்கே கிடைக்கும்?" என்பது அடுத்த பல்லவி. தேடினால் கிடைக்கும். வண்டியின் வம்சாவளி தெரிந்தால் தேடுவதும் சுலபம். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் உற்பத்தியாகி 2014-இல் நின்றுபோன அம்பாஸிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசையின் வாரிசு. அதில் வெகுகாலம் இருந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் அந்த எஞ்சின்தான். அம்பாஸிடர் புத்தகம் அகப்படாதவர் மோரிஸ் புத்தகத்தைத் தேடட்டும்; எஞ்சினைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது போதும். கார்புரெட்டர், பிரேக் போன்றவை வருஷத்துக்கு வருஷம் மாறியிருப்பதால், அங்கே மட்டும் தம் வண்டியின் மாடலை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் அப்படி என்ன பரம ரகசியம் இருக்கிறது? வண்டி கிளம்பவில்லையென்றால் முதலில் இரண்டே கேள்விகள்: பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? பொறி பலவீனமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி சி.பி. பாயின்ட்டைப் பாருங்கள். அது முழுக்கத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் இருக்க வேண்டும். அளக்க ஒரு ஃபீலர் கேஜ் போதும். பாயின்ட் முகம் அடிக்கடி கருகினால் கண்டென்ஸரைச் சந்தேகப்படுங்கள். மழைக்காலத்துக் காலையில் மட்டும் முரண்டு பிடித்தால், மூடியின் உட்புறம் ஈரம் கோத்திருக்கும். உலர்ந்த துணியால் துடையுங்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனுக்கு இதில் புரியாதது எது?

"தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டால் தொழிலாளி வயிறு என்னாவது?" என்று இரக்கத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. மேஸ்திரியின் வித்தையை நான் மதிக்கிறேன். எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே வால்வு இடைவெளி தளர்ந்திருப்பதைச் சொல்லும் அனுபவம் அவருடைய சொத்து. அதற்குக் கூலி கொடுப்பேன்; கேட்டதற்கு மேலும் கொடுப்பேன். ஆனால் 0.015 என்ற எண் அவருடைய சொத்தல்ல. அதை மறைத்து, கெடாத பம்பை விற்பதற்குத் தொழில் என்று பெயரில்லை.

மேஸ்திரியாவது பாவம், ஏழை. அவரையும் இருட்டில் நிறுத்திவைத்த பெரிய கனவான்கள் இருக்கிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும், பழுது பார்க்கும் விவரங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்து போட்டியைக் கெடுத்தார்கள் என்பது அதன் தீர்ப்பு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. போகட்டும்; தொகையைப் பற்றி அவர்கள் வழக்காடட்டும். சாலையோரத்தில் என்னிடம் சொன்ன அதே வாக்கியத்தைக் கண்ணாடி மாளிகையில் உட்கார்ந்து ஒரு தேசத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு விஷயம்.

அவர்களை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கையில் எண்ணெய் பட்டால் கௌரவம் போய்விடும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தக் கம்பெனி? வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரிக்காமலே பரணில் எறிந்தவர்கள் யார்? பையன் ஸ்பானரைத் தொட்டால், "படிக்கிற வேலையைப் பார்!" என்று அதட்டுகிறோம். அதுவும் படிப்புதான் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. சரஸ்வதி பூஜையன்று மட்டும் காரின் நெற்றியில் சந்தனம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பானெட்டுக்குள் இருப்பதைக் கும்பிடத் தயார், தெரிந்துகொள்ளத்தான் தயாரில்லை.

வேலையைப் பட்டறையிலேயே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் "என்ன போயிற்று? எப்படித் தெரிந்தது? கழற்றிய பழைய சாமானை என் கையில் கொடுங்கள்" என்ற மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான மேஸ்திரி சந்தோஷமாகக் காட்டுவார். முகம் சுளிக்கிறவரிடம் வண்டியின் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.