சூரனும் ஸ்பைடரும்

பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்த வில்லனைக் கதை முடிவில் நல்லவனாக்கலாமா, அன்றித் தீயவனாகவே மடியவிட வேண்டுமா? சித்திரக்கதை படிக்கும் பிள்ளைகளுக்குள் ஓயாமல் நடக்கும் இவ்வழக்கைப் பெற்றோர் பலர் செவிமடுப்பதில்லை. நாமோ அதனைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளத் துணியோம். ஐப்பசி தோறும் கோயில் வீதியில் சூரன்போர் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது பழைய வழக்கே.

முதலில் பிள்ளைகள் கட்சியைக் கேட்போம். 1965ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ‘லயன்’ என்னும் சிறுவர் வார இதழில் ஸ்பைடர் என்றொருவன் தோன்றினான். சுவரேறித் திரியும் அமெரிக்கச் சிலந்தி மனிதன் வேறு, இவன் வேறு. கூரிய காதும் கரிய உடையும் கொண்ட இவனுக்கு, உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் தானே மன்னனாக வேண்டுமென்பது ஆசை. பூட்டுடைப்பதில் வல்ல ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் ஏவலாளராக்கிக்கொண்டு, வலைத் துப்பாக்கி ஏந்தி, பறக்கும் காரில் சென்று கொள்ளையிட்டான். பின்னர்த் தன்னையொத்த தீயோருடன் பொருதத் தொடங்கி, ஈற்றில் நீதியின் பக்கம் சேர்ந்துவிட்டான். அவன் கதைகளை எழுதியவர்களுள், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகலும் உண்டு. 1984இல் சிவகாசியிலே பிறந்த லயன் காமிக்ஸ் அவனைத் தமிழ் பேச வைத்தது. திருந்திய பின்னும் தமிழ் வாசகருக்கு அவன் ‘குற்றச் சக்கரவர்த்தி’யே. அந்தப் பட்டத்தைப் பறிக்க எவருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் அவன் திருந்திய விதத்தைச் சற்று நோக்க வேண்டும். பிறர் துயர் கண்டு அவன் நெஞ்சம் உருகவில்லை. கொள்ளையிடுவதைக் காட்டிலும் கொள்ளைக்காரரை வெல்வதே தன் திறமைக்கேற்ற விளையாட்டென்று கண்டுகொண்டான், அவ்வளவே. செருக்கு அணுவளவும் குறையவில்லை. அச்செருக்குத்தான் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சூரன்போரிலும் இதுவே நிகழ்கிறது. முருகப்பெருமான் அமைதியாக எழுந்தருளி நிற்க, இளைஞர் தோளிலேறி வீதியெங்கும் குதித்தாடி வருபவன் சூரன். யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வர, அது போய்ச் சூரன் தலை வர, பிள்ளைகள் அவன் பின்னாலேயே ஓடுகின்றனர். வேல் வெல்லும் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆயினும் சூரன் சிறிதுநேரம் கூடுதலாக ஆடினால் நன்றென்று எண்ணாத பிள்ளை புங்குடுதீவில் உண்டோ? பெரியவர்களையும் சேர்த்தே கேட்கிறோம்.

கச்சியப்ப சிவாசாரியார் இந்த விருப்பத்தை நன்கறிந்தவர் போலும். கந்தபுராணத்திலே சூரபன்மன் ஒருமுறை திருந்தத்தான் செய்கிறான். போர்க்களத்தில் முருகன் தன் பெருவடிவைக் காட்ட, பாலகன் என்று இகழ்ந்தவன் வியந்து நின்று வணங்க எண்ணுகிறான். அவ்வடிவு மறைந்ததும் பழைய ஆணவம் மீண்டுவிடுகிறது, மறுபடியும் ஆயுதமெடுக்கிறான். கண்ட காட்சியினால் வரும் திருத்தம் காட்சியோடு போய்விடும் என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன வேறொரு கதையை நாம் படித்ததில்லை. பிறகுதான் மாமரமாகி நின்றவனை வேல் பிளக்கிறது. பிளவுகள் சேவலும் மயிலுமாகி அப்போதும் எதிர்த்தே வருகின்றன. பெருமானின் அருட்பார்வை பட்ட பின்னரே பகை நீங்கிக் கொடியும் ஊர்தியுமாகின்றன. சூரனுடைய வலிமையில் ஒன்றும் வீணாகவில்லை. அது பணிசெய்யும் இடம் மாறியது.

இதோடு கதை முடிந்துவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். போர் எதனால் வந்தது? இந்திரன் மைந்தன் சயந்தனும் தேவரும் சூரன் சிறையிலே கிடந்ததனால் வந்தது. அவர்களை விடுவிக்கும்படி கேட்கவே வீரவாகுதேவர் தூது சென்றார். சூரன் மயிலான பின், அச்சிறை திறக்கப்பட்டு அவர்கள் வெளியே வந்ததையும் புராணம் மறவாமல் சொல்கிறது. புராணபடனத்திலே பயன் சொல்வோர் இவ்விடத்தில் இன்னும் சற்று நின்று செல்லலாம் என்பது நம் விண்ணப்பம். ஸ்பைடர் திருந்தியது சரியா என்று வாதாடும் பிள்ளைகளில், அவன் அள்ளிய பொருள் உரியவர் கையைச் சேர்ந்ததா என்று கேட்பவரை நாம் கண்டது அரிது.

கேட்கப் பழக்குவது நல்லது. 1991இல் இத்தீவு மக்கள் வீடுவாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். உரியவர் திரும்பாமையால் கூரையிழந்து நிற்கும் வீடுகளைக் கடந்துதான் நம் பிள்ளைகள் இன்றும் பள்ளிக்கூடம் போகின்றனர். மன்னிப்பைப் பற்றிய பேச்சு இங்கே வெறும் கதைப்பேச்சாக நின்றுவிடுவதில்லை. பிறர் மன்னிக்கச் சொல்லுவது எளிது. இழந்தவருக்கு என்ன திரும்பிவந்தது என்று கேட்பவர்தாம் குறைவு. ஆதலால், பிள்ளையொன்று சித்திரக்கதையை மடித்து வைத்து, “வில்லன் திருந்தினால் போதாதா?” என்று நம்மை வினவினால், ஆம் என்றோ அன்று என்றோ சொல்லுமுன், “சயந்தன் வெளியே வந்துவிட்டானா?” என்று திருப்பிக் கேட்கவே விரும்புகிறோம்.