விறகா, பெல்லட்டா?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க அடுப்பு வாங்குபவர்கள் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாறுவார்கள்.

பெல்லட் அடுப்பு சொகுசுதான். மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு உருளைகளைத் தொட்டியில் கொட்டினால் போதும், மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயில் தள்ளிவிடும். புகையும் குறைவு. ஆனால் அந்த மோட்டாருக்கு மின்சாரம் வேண்டுமே! 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் உறைமழை மின்கம்பங்களைச் சாய்த்தபோது பல வீடுகளுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. விறகடுப்புக்கு அந்தக் கவலை கிடையாது. 2022இல் ரஷ்ய, பெலாரஸ் பெல்லட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது; அந்த ஆண்டே பல நாடுகளில் மூட்டை விலை இரட்டிப்பானது.

விறகிலும் வேலை உண்டு. பிளந்து, ஓராண்டாவது காயவைக்காவிட்டால் புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கலாம். சொந்தத் தோப்பு உள்ள கிராமத்துக்காரருக்கு அது பெரிய சுமையில்லை. பெல்லட்தான் வேண்டும் என்பவர்கள் அடுப்போடு ஒரு பேட்டரியையும் சேர்த்தே கணக்குப் போடட்டும்.